அம்மாவுக்கு வசனம் தேடிப் போனேன்

"என் கதையில வர்ற பேய்கூட ரெண்டு வார்த்தை பேசும் செண்பகம். உன் கதையில இந்த அம்மா ஏன் வாயே திறக்க மாட்டேங்கா?"

சகாயமேரி டீச்சர் இப்படிக் கேட்டதும் அறையில் கடலைமிட்டாய் கடிக்கும் சத்தம் நின்றது.

கோவில்பட்டியில் ஒரு டியூஷன் சென்டரின் மாடி அறை அது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பிள்ளைகள் வருவதில்லை என்பதால் எங்களுக்குக் கொடுத்திருந்தார்கள். எங்களுக்கு என்றால், கதை எழுதிப் பார்க்கும் ஆசை பிடித்த ஐந்தாறு பேருக்கு. கரும்பலகையில் யாரோ அழிக்க மறந்த வேதியியல் கணக்கு இருக்கும். மின்விசிறி சுற்றும், காற்று வராது. யாராவது ஒருவர் கடலைமிட்டாய் வாங்கி வருவார். ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கடிப்போம். கதை நன்றாக இருந்தால் கடிக்கும் சத்தம் தானாக அடங்கிவிடும். அதைவிட நேர்மையான விமர்சனத்தை நான் எங்கும் பார்த்ததில்லை.

அன்றைக்கு என் கதை முழுவதும் கடித்துக்கொண்டே இருந்தார்கள். டீச்சரின் கேள்விக்குத்தான் சத்தம் நின்றது.

டீச்சர் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுத்து ஓய்வு பெற்றவர். எழுதுவது பேய்க்கதை மட்டும். அவர் கதையில் வரும் பேய்களுக்கு நல்ல தர்க்க அறிவு இருக்கும்.

"அவ பஸ் ஏறிப் போறா. அழறா. ஜன்னல் கம்பியப் பிடிக்கா. எல்லாம் சரி. வீட்டை விட்டுப் போற ஒரு பொம்பளை கண்டக்டர்கிட்ட டிக்கெட்டாவது கேட்டிருப்பால்லா? அவ எப்படிப் பேசுவா? அதைச் சொல்லு."

நான் தாள்களை மடித்துப் பையில் வைத்தேன்.

அந்த அம்மா என் அம்மா. நான் நான்காம் வகுப்பு படிக்கும்போது வீட்டைவிட்டுப் போனவள். அவள் எப்படிப் பேசுவாள் என்று எனக்கு ஞாபகமே இல்லை.

கதைக்குக் கதை செத்தவள்

அந்தக் கதைக்கு அது மூன்றாவது வடிவம். முதல் வடிவத்தில் இரண்டாவது வரியிலேயே அம்மாவைப் பாம்பு கடித்துவிட்டது. அடுத்ததில் விஷக்காய்ச்சல். "உங்க கதையில அம்மாவாப் பொறந்தா ஆயுசு கெட்டியில்ல போலுக்கே" என்று குழுவில் ஒருவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அன்றைக்கு வீட்டுக்குப் போய்த்தான் யோசித்தேன், ஏன் அவளை இப்படித் துரத்தித் துரத்திக் கொல்கிறேன் என்று.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கொன்றபோது சுகமாகத்தான் இருந்தது. பாம்பு கடித்த அன்று நன்றாகத் தூங்கினேன்.

எழுத ஆரம்பித்ததே அப்பா இறந்த பிறகுதான். விளாத்திகுளம் பக்கத்துக் கிராமத்தில் மிளகாயும் பருத்தியும் போட்டு, மழையை நம்பி வாழ்ந்தவர். காரியமெல்லாம் முடிந்து வீட்டைப் பூட்டும்போது, இனிமேல் அம்மாவைப் பற்றிக் கேட்க ஆளில்லை என்று தோன்றியது. இருந்தபோதும் நான் கேட்டதில்லை என்பது வேறு விஷயம். கேட்க முடியாததை எழுதிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன்.

மூன்றாவது வடிவத்தில்தான் அவளை உயிரோடு போகவிட்டேன். பஸ்ஸில் ஏற்றினேன். ஏற்றினால் எங்கேயாவது உட்கார வைக்க வேண்டுமே. ஜன்னலோரமா, நடு சீட்டா? மடியில் பை இருந்ததா, இல்லையா? இத்தனை வருடத்தில் அவள் போனதை நினைத்து நான் அழுதிருக்கிறேன், திட்டியிருக்கிறேன். அவள் எந்தப் பக்கம் உட்கார்ந்து போயிருப்பாள் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. கடைசியில் ஜன்னலோரம் கொடுத்தேன். பேச்சு மட்டும் கொடுக்கவில்லை. என்னிடம் இருந்தால்தானே கொடுக்க.

காலஞ்சென்ற பேச்சியம்மாள்

கொஞ்சம் என் பிழைப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கோவில்பட்டியில் ஒரு அச்சகத்தில் கம்ப்யூட்டரில் கல்யாணப் பத்திரிகை வடிவமைப்பது என் வேலை. மாப்பிள்ளை வீட்டார், பெண் வீட்டார், தாய்மாமன்மார், பங்காளிகள் என்று ஒரு நாளைக்கு ஒரு கிராமத்தின் பெயரையே அடித்துவிடுவேன். யார் பெயர் மேலே, யார் பெயர் கீழே என்பதற்கு என் மேஜைக்கு முன்னால் நடந்த சண்டைகளைத் தனியாக ஒரு தொடராகவே எழுதலாம்.

என் கல்யாணப் பத்திரிகையை வேறு ஒருவர் அடித்தார். அதில் என் அம்மா பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று இருந்தது. என்னை வளர்த்த அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, போடச் சொன்னது அது. மாப்பிள்ளை வீட்டில் ஓடிப்போனாள் என்று சொல்வதைவிடச் செத்துப்போனாள் என்று சொல்வது சுலபம் என்று அவள் நினைத்தாள். என் வீட்டுக்காரரிடம் கல்யாணமான மறுவாரமே நான் உண்மையைச் சொல்லிவிட்டேன். "அப்ப மாமியார் இருக்காவளா? நல்லதாப் போச்சு, தீபாவளிக்குப் போகலாமா?" என்று கேட்ட மனிதர் அவர். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். அவர் அப்புறம் கேட்கவில்லை.

அம்மா எங்கே இருக்கிறாள் என்பது எல்லோருக்கும் தெரியும். எங்கள் ஊருக்கு மிளகாய் ஏற்ற வந்த லாரியின் டிரைவர் துரைப்பாண்டியோடு போனவள், அவருடைய ஊரான எப்போதும்வென்றானிலேயே குடியிருந்தாள். கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் போய் பஸ் மாறினால் போய்விடலாம். எங்கள் வீட்டில் அந்த ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டார்கள். 'அந்த ஊரு' என்பார்கள். சின்ன வயதில் எனக்கு அந்தப் பெயர் மேல்தான் பெரிய ஆத்திரம். ஊருக்குப் போய் யாராவது இப்படிப் பெயர் வைப்பார்களா? என்னை விட்டுப் போனவள் போயும் போயும் எப்போதும்வென்றானிலா போய் இருக்க வேண்டும்? தோற்றவள் நான் என்று பஸ்ஸின் நெற்றியில் எழுதி ஒட்டியதுபோல இருக்கும்.

போனில் வந்த முதல் வசனம்

டீச்சர் கேட்ட கேள்வி அந்த வாரம் முழுக்க என்னைக் குடைந்தது. வேலையில் கை ஓடவில்லை. ஒரு பத்திரிகையில் மணமகனின் பெயரை மணமகளுக்குப் போட்டுவிட்டேன். நல்லவேளை, அச்சுக்குப் போகுமுன் பார்த்துவிட்டார்கள்.

விளாத்திகுளத்தில் இருக்கும் ஒரு சொந்தக்காரரிடம் அம்மாவின் நம்பர் வாங்கினேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அச்சகத்தின் பின்பக்கம், காகிதக் கட்டுகளுக்கு நடுவில் நின்று போன் அடித்தேன்.

"ஹலோ, யாரு?" என்று ஒரு குரல் கேட்டதும் வைத்துவிட்டேன்.

கையிலிருந்து போனை இறக்குவதற்குள் அந்தப் பக்கமிருந்து அழைப்பு வந்தது. எடுத்தேன். நான் ஒன்றும் சொல்லுமுன் குரல் ஆரம்பித்துவிட்டது.

"யாருய்யா அது, போனை அடிச்சிட்டு டொக்குனு வைக்கிறது? போன்ல பாட்டு வைக்கணுமான்னு கேக்குத கம்பெனிக்காரவியளா? ஏற்கெனவே ஒரு பாட்டை வச்சு எடுக்கத் தெரியாமக் கெடக்கேன். ஆட்டுக்குத் தண்ணி காட்டிக்கிட்டு இருந்தவ போட்டது போட்டபடி ஓடியாந்து எடுத்தா, டொக்குனு வைக்கிறது. காலுல சகதி, கையில சகதி, இப்ப போன் பூராவும் சகதி. யாரு தொடைப்பா? நீ வந்து தொடைப்பியா? ஏன், வாயில என்ன கொழுக்கட்டையா?"

நான் பேசவில்லை. சிரிப்புத்தான் வந்தது. பக்கத்தில் கிடந்த கழிவுத்தாளை எடுத்து, 'நீ வந்து தொடைப்பியா' என்று எழுதிக்கொண்டேன்.

அந்தப் பக்கமும் சட்டென்று அமைதியானது. பிறகு குரல் இறங்கி வந்தது.

"இப்படி மூச்சு மட்டும் விட்டுக்கிட்டுப் பேசாம நிக்க ஆளு எனக்குத் தெரிஞ்சு ஒருத்தருதான். அவியளும் போய்ச் சேந்துட்டாவ." கொஞ்சம் இடைவெளி. "செண்பகமா?"

"ம்" என்றேன்.

"'ம்'மா? இத்தன வருசங்கழிச்சு 'ம்'மா? அப்படியே அப்பன்தான்."

"ஒரு கதை எழுதுதேன்" என்றேன். வேறு என்ன சொல்வதென்று தெரியவில்லை. "அதுல நீங்க வாரீங்க. நீங்க எப்படிப் பேசுவீங்கன்னு எனக்குத் தெரியல. அதுக்குத்தான்."

"பேச்சா வேணும்? என்கிட்டயா?" அவள் சிரித்தது போனில் இரைந்தது. "எவ்வளவு வேணும்?"

அண்ணாச்சி

நான் அங்கே போனது ஐப்பசியில். இரண்டு நாள் மழை பெய்து ஓய்ந்திருந்தது. கரிசல் மண்ணில் மழைக்குப் பிறகு நடந்தவர்களுக்குத் தெரியும், ஒவ்வொரு அடிக்கும் செருப்பின் எடை கூடிக்கொண்டே போகும். பஸ்ஸைவிட்டு இறங்கி மக்காச்சோளக் காட்டை ஒட்டிய பாதையில் நடந்து அவள் வீட்டுக்குப் போவதற்குள் நான் ஒரு சாண் வளர்ந்திருந்தேன். வாசலில் நின்று குச்சியால் மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். போய்விடலாமா என்றுகூட நினைத்தேன்.

"உள்ள வா தாயி. மண்ணு என்ன செய்யும், கூட்டிக்கிடலாம்" என்று ஒரு பெரியவர் வந்தார். நரைத்த மீசை, தோளில் துண்டு. துரைப்பாண்டி.

சின்ன வயதில் இந்த மனிதரை நான் கற்பனையில் எத்தனையோ விதமாகப் பழிவாங்கியிருக்கிறேன். எதிரில் நின்றவரோ என் கையிலிருந்து மண் குச்சியை வாங்கிப் போட்டுவிட்டுக் கால் கழுவத் தண்ணீர் ஊற்றினார். இவரை என்னவென்று கூப்பிடுவது? அப்பா என்று சொல்ல நாக்கு வராது. சித்தப்பாவும் வராது. எங்கள் பக்கத்தில் என்ன உறவென்று தெரியாத ஆம்பளைகள் எல்லோருக்கும் ஒரே சொல்தான் உண்டு. அதுவே வாயில் வந்தது.

"பரவாயில்ல அண்ணாச்சி, நானே ஊத்திக்கிடுதேன்."

உள்ளேயிருந்து வெடிச்சிரிப்பு கேட்டது. "அண்ணாச்சியா! ஏய்யா, கேட்டியளா, என் மக முறை வச்சுக் கூப்பிட்டதை! அப்ப நான் உங்களுக்கு என்ன வேணும், ஆத்தாளா?"

அப்படித்தான் என் அம்மா பேச்சியம்மாள் கதவுக்கு வெளியே வந்தாள். குள்ளமாக, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு. நான் எழுதிய மூன்று கதைகளிலும் அவள் உயரமானவள்.

கட்டிப்பிடிக்கவெல்லாம் இல்லை. "மெலிஞ்சு போயிருக்கியே" என்றும் சொல்லவில்லை. "தண்ணி குடி. குடிச்சிட்டு உக்காந்து படி, அந்தக் கதையை" என்றாள். அண்ணாச்சி ஆடுகளைப் பார்க்க வெளியே போய்விட்டார்.

தும்மிக்கொண்டே போனவள்

பையிலிருந்து தாள்களை எடுத்து வாசித்தேன். "அவள் அழுதுகொண்டே ஜன்னல் கம்பியைப் பிடித்தாள்" என்ற இடம் வந்ததும் அம்மா கையைத் தூக்கினாள்.

"நில்லு, நில்லு. எந்த ஜன்னலு?"

"பஸ் ஜன்னல்."

"பஸ்ஸுல எவ போனா? நம்மூருல பஸ் ஏறப் போனா, ஏறுறதுக்குள்ள எட்டுப் பேரு எங்கன்னு கேப்பான். நான் போனது மிளகா லாரியில. முன்னால உக்காந்தா தெரிஞ்சிருமேன்னு பின்னால மூட்டைக்கு நடுவுல ஒளிஞ்சுக்கிட்டேன். வண்டி நவுந்ததும் பிடிச்சது பாரு தும்மலு. வத்தல் நெடி. மூக்கு, தொண்டை, கண்ணு, எல்லாம் காந்துது. தும்முனா சத்தம் கேக்குமேன்னு வாயைப் பொத்துனா, காது வழியா வருது. செக்போஸ்ட்டுல வண்டிய நிப்பாட்டுன ஆளு, 'ஏன்யா, மூட்டை தும்முது'ங்கான்."

நான் சிரித்துவிட்டேன். சிரிக்கக் கூடாது என்று உட்கார்ந்திருந்தும் சிரித்துவிட்டேன்.

"அப்ப அழவே இல்லையா?"

"கண்ணுல தண்ணி வந்துச்சு. அழுதேனா தும்முனேனா எனக்கே தெரியாது. நீ என்ன வேணும்னாலும் எழுதிக்கோ." கொஞ்சம் நிறுத்தினாள். "உன் கல்யாணப் பத்திரிகையில என்னைய காலஞ்சென்ற ஆளா ஆக்கியிருந்தியளே, ஒருத்தர் கொண்டுவந்து காட்டுனாரு. படிச்சதும் தும்மல் வந்துட்டு. சரி, இன்னும் நூறு வயசுன்னு நினைச்சுக்கிட்டேன்."

அவள் பேசிக்கொண்டே போனாள். அப்பாவைப் பற்றி ஒரு குறைகூடச் சொல்லவில்லை. நல்ல மனுஷன், அடிக்க மாட்டார், குடிக்க மாட்டார். "ஆனா பேச மாட்டாவளே. காலையில சோறு வச்சா சாப்பிடுவாவ. நல்லாருக்கான்னு கேட்டா, 'ம்'. உப்பு கூடவான்னு கேட்டா அதுக்கும் 'ம்'. நான் அடுப்புகிட்டப் பேசுவேன், மாட்டுகிட்டப் பேசுவேன். அந்த வருசம் மிளகா ஏத்த வந்த மனுசன்கிட்ட, வழியில மழை உண்டுமான்னு கேட்டேன். அவரு மழைய மட்டுமா சொன்னாரு? மதுரை வரைக்கும் ரோட்டுல என்னென்ன இருக்குன்னு சொன்னாரு. அவ்வளவுதான்."

அவள் பேசாத இடம்

அதுவரை சிரித்துக்கொண்டிருந்த எனக்கு அந்த 'அவ்வளவுதான்' நெஞ்சில் போய்க் குத்தியது. தாள்களைக் கீழே வைத்தேன்.

"அப்பா பேசலைங்கறதுக்காக என்னைய விட்டுட்டுப் போயிருவியா?"

சத்தமாகவே கேட்டுவிட்டேன். வெளியே ஆடு ஒன்று திரும்பிப் பார்த்தது. நீங்க என்று பேசிக்கொண்டிருந்தவள் எப்போது நீ என்று மாறினேன் என்பது எனக்குத் தெரியவில்லை. அவள் கவனித்திருப்பாள்.

முதல்முறையாக அம்மா உடனே பதில் சொல்லவில்லை. தரையில் கிடந்த ஒரு சோளத்தாளை எடுத்து, அந்தக் காய்ந்த இலையை நார் நாராகக் கிழித்தாள்.

"காரணம் கேக்குத. நல்ல காரணமா ஒண்ணு இருந்திருந்தா இத்தன வருசத்துல நானே வந்து சொல்லியிருக்க மாட்டனா?" என்றாள். "உன்னையக் கேட்டு உங்க அத்தைக்கு ஆள்விட்டேன். தர முடியாதுன்னுட்டா. வந்து வாசல்ல நின்னு சண்டை போட்டிருக்கணும். போடல. பயம். ஊரே கூடி நின்னு பாக்குமேங்கற பயம். வாய் ஓயாமப் பேசுதவ, அன்னைக்கு அங்கன வந்து பேசல. அது தப்புதான். அதுக்கு மேல என்கிட்ட ஒண்ணும் இல்ல செண்பகம்."

என் கோபம் அந்த நிமிஷமே கரைந்துவிட்டது என்று எழுதினால் வாசகர்களுக்குத் திருப்தியாக இருக்கும். அப்படி நடக்கவில்லை. ஆனால் ஒன்று மாறியது. இத்தனை வருடம் வாயில்லாத ஒருத்தியிடம் கோபித்துக்கொண்டிருந்தேன். என்ன திட்டினாலும் அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுவாள். இப்போது பதில் சொல்கிற ஒருத்தி, எனக்கு எதிரே, சோளத்தாள் கிழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இவளிடம் கோபித்துக்கொள்வது வேறு மாதிரி இருந்தது. கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. இன்றைக்குத் தீராததை நாளைக்கும் கேட்கலாமே.

அந்தப் பிள்ளை

தாள்களை எடுத்து, மீதி இருந்த நாலு வரியையும் வாசித்து முடித்தேன். பிறகு அவள்தான் கேட்டாள்.

"உன் கதை வண்டி போனதோட முடிஞ்சிருதே. அந்தப் பிள்ளை என்ன ஆச்சு?"

"எந்தப் பிள்ளை?"

"வீட்டுல இருந்த பிள்ளைடி. ஸ்கூல் விட்டு வந்திருக்கும்லா. அன்னைக்கு என்ன சாப்பிட்டுச்சு?"

தாள்களைப் புரட்டினேன். புரட்ட வேண்டிய அவசியமே இல்லை. என் கதையில் பிள்ளையே கிடையாது. பாம்பு கடித்த கதையில் இல்லை. காய்ச்சல் கதையில் இல்லை. பஸ் கதையிலும் இல்லை. அம்மாவை மூன்று முறை எழுதியவள், என்னை ஒருமுறைகூட எழுதவில்லை.

"சொல்லுட்டி" என்றாள் அம்மா.

எழுதியிருந்தால் அடித்துத் திருத்தியிருப்பேன். சொன்னதால் வந்தபடியே வந்தது. ஸ்கூல் விட்டு வந்தபோது அத்தை தெருவில் நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்ததைச் சொன்னேன். அப்பா காட்டிலிருந்து வந்து, அடுப்படியை எட்டிப் பார்த்துவிட்டு, வந்த சைக்கிளை அப்படியே திருப்பி என்னைப் பின்னால் உட்காரச் சொன்னதைச் சொன்னேன். விளாத்திகுளத்தில் ஒரு புரோட்டாக் கடை. அதற்குமுன் நான் கடையில் உட்கார்ந்து சாப்பிட்டதே இல்லை. இலையில் புரோட்டாவைப் பிய்த்துப் போட்டார்கள். சால்னா வாளியோடு ஆள் வந்தபோது அப்பா நிமிர்ந்தார்.

"'பிள்ளைக்குக் காரம் ஆகாது. அவ அம்மை தயிரு ஊத்தித்தான் குடுப்பா. இருந்தா கொஞ்சம் ஊத்துங்க'ன்னாரு."

அம்மா கிழித்துக்கொண்டிருந்ததை நிறுத்தினாள்.

"அவியளா?"

"ஆமா."

"அம்புட்டு நீளமாவா?"

"ஆமா. அப்பா பேசி நான் கேட்டதுலயே அதுதான் நீளமானது."

"இன்னொருக்கச் சொல்லு."

சொன்னேன். அவள் ஒவ்வொரு வார்த்தையாகத் தனக்குள் சொல்லிப் பார்த்தாள். முகம் கோணியது. அழப்போகிறாள் என்று நினைத்தேன். ஆனால் பெரிதாகச் சிரித்தாள். "பாத்தியா, கவனிச்சிருக்காவ! ஒண்ணுங் கவனிக்கலன்னு நினைச்சேன், தயிர் ஊத்துனது வரைக்கும் கவனிச்சிருக்காவ! அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா அந்த மனுசன்!" சிரித்து முடித்தபோது அவள் கண்கள் சிவந்திருந்தன. பக்கத்தில் வத்தல் மூட்டை எதுவும் இல்லை.

அண்ணாச்சி வாசலில் வந்து நின்று, "ஆறு மணி பஸ் வந்துரும் தாயி, அதை விட்டா லேட்டாயிரும்" என்றார்.

நான் தாள்களைப் பையில் வைத்தேன். எழுந்திருக்கக் கையை ஊன்றினேன்.

"சரி" என்றாள் அம்மா, நகராமல். "மறுநாளு?"

"மறுநாளு என்ன?"

"மறுநாளு ஸ்கூலுக்குப் போச்சா அந்தப் பிள்ளை? தலை யாரு பின்னிவிட்டா?"

ஊன்றிய கையை எடுத்தேன். அப்பாவுக்குப் பின்னத் தெரியாததையும், அத்தை இழுத்துப் பின்னி ரிப்பன் கட்டியதில் கண் மேலே ஏறிக்கொண்டதையும் சொன்னேன். அதற்கடுத்த நாளைச் சொன்னேன். முழுப்பரீட்சையைச் சொன்னேன். அவள் ஒவ்வொன்றுக்கும் "பெறகு?" என்றாள்.

ஆறு மணி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே ஊரைத் தாண்டிப் போனது. நான் அப்போதுதான் ஐந்தாம் வகுப்புக்கு வந்திருந்தேன்.